பத்தாண்டு இலக்கும் ஊர்க் கிணறும்: ஒரு பொறியியல் கல்லூரியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இயங்கும் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் 2018 முதல் 2023 வரை, எங்கள் பத்தாண்டு இலக்குகளைச் சுற்றுவட்டார ஊர்க் குடிநீரின் ஃபுளூரைடோடு சேர்த்து எழுதியபோது நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அங்கே முதலாண்டு மாணவர்களுக்கு வேதியியல் நடத்துகிறேன். கல்லூரியின் நீண்டகால இலக்குகளை எழுதிய குழுவில் தொடக்கத்திலிருந்தே இருந்தேன். கல்லூரி, ஊர், ஆட்கள் பெயர் எதுவும் இதில் வராது. பெயரைத் தவிர்க்கச் சொன்னது ஊரார்தான். அதற்கு அவர்கள் சொன்ன காரணத்தை அது வரும் இடத்தில் சொல்கிறேன்.

எங்களுடையது தன்னாட்சி இல்லாத கல்லூரி. பாடத்திட்டம் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். அதில் ஒரு வரியைக்கூட நாங்கள் மாற்ற முடியாது. மாணவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கல்லூரிப் பேருந்தில் வருபவர்கள், வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். ஆசிரியர்கள் இரண்டு மூன்று வருடம் இருப்பார்கள், வேறு நல்ல வாய்ப்பு வந்தால் போய்விடுவார்கள். ஆய்வக உதவியாளர்கள்தான் வருடக்கணக்கில் அதே இடத்தில் இருப்பவர்கள். இது அப்போது எங்களுக்கு முக்கியமாகப் படவில்லை.

2018-இல் தேசிய அங்கீகார வாரியத்தின், அதாவது என்பிஏவின், அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்க நிர்வாகம் முடிவு செய்தது. 2014-இல் இந்தியா, பொறியியல் பட்டங்களை நாடுகள் தங்களுக்குள் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினரான பிறகு இந்த அங்கீகாரத்துக்கு மதிப்பு கூடியிருந்தது. விண்ணப்பத்தில் முதலில் கேட்பதே தொலைநோக்கு, செயல்நோக்கு என்ற இரண்டும்தான். அதோடு சேர்த்து 2028 வரைக்கும் ஆய்வு, கல்வி, சமூகம் என்ற மூன்று தலைப்பில் இலக்கு எழுதச் சொன்னார் முதல்வர்.

முதல் வரைவு

அதை எழுதி முடிக்க எங்களுக்கு இரண்டு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. ஆய்வு என்றால் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழ்களில் வருடத்துக்கு இத்தனை கட்டுரை, இத்தனை காப்புரிமை. கல்வி என்றால் தேர்ச்சி விகிதமும் வேலைவாய்ப்பு விகிதமும். சமூகம் என்றால், கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுக்கும் மத்திய அரசின் உன்னத பாரத இயக்கத்தில் நாங்கள் தத்தெடுத்த ஐந்து கிராமங்களில் முகாம், மரக்கன்று நடுதல், விழிப்புணர்வுப் பேரணி. மூன்று தலைப்பையும் மூன்று பேர் தனித்தனியாக எழுதி ஒட்டினோம். எந்த மாநிலத்தில் எந்தக் கல்லூரிக்கும் அது அப்படியே பொருந்தியிருக்கும்.

இலக்குகளைப் பெற்றோரிடமும் பழைய மாணவர்களிடமும் காட்டிக் கருத்துக் கேட்டதற்குச் சான்று வேண்டும் என்பது விதி. 2018 செப்டம்பரில் பெற்றோர் கூட்டம் நடந்தது. முதல்வர் வரைவைத் தமிழில் படித்துக் காட்டினார். ஒரு தந்தை எழுந்தார். இரண்டாம் ஆண்டு மின்னணுவியல் படிக்கும் மாணவியின் அப்பா அவர், விவசாயி. “தண்ணிக்கு ஏதாச்சும் பண்ணுவீங்களா சார்? எம் பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிக்குது” என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பெண்ணை முதலாண்டில் நான் பார்த்திருக்கிறேன். புறங்கையை வாயருகே கொண்டுபோகாமல் அவள் பேசி நான் கண்டதில்லை. கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

கவனித்தவை

இந்த வட்டாரத்தில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம் என்பது ஊரறிந்த செய்தி. அடியில் கிடக்கும் பாறைகளில் ஃபுளூரைடு கொண்ட கனிமங்கள் இருக்கின்றன. ஆழ்துளைக் கிணறு ஆழம் போகப் போக, தண்ணீர் பாறையோடு கிடக்கும் காலம் கூடுகிறது; கரைவதும் கூடுகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பு. அதற்கு மேல் போனால், பல் உருவாகும் வயதில் குடித்த குழந்தைகளுக்குப் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். விழுந்தால் போகாது. பல ஆண்டுகள் அதிக அளவில் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். காய்ச்சினால் ஃபுளூரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

இரண்டு மாவட்டங்களுக்காகவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் தொடங்கியது. அது பெரிய நல்ல காரியம். ஆனால் நாங்கள் போன ஊர்களில் காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது, கோடையில் அதுவும் குறைந்தது. மீதி நாட்களில் போர் தண்ணீரைத்தான் மேல்நிலைத் தொட்டியில் ஏற்றினார்கள். இரண்டும் கலந்த தண்ணீரில் எது எவ்வளவு என்பது டேங்க் ஆபரேட்டருக்கே தெரியாது.

கூட்டத்துக்கு அடுத்த வாரம் நான் முதலில் பார்த்தது எங்கள் கல்லூரியைத்தான். விடுதிக்கும் வகுப்பறைக்கும் ஆர்ஓ தண்ணீர். இயந்திரம் தள்ளிவிடும் கழிவுநீரில் ஃபுளூரைடு இன்னும் செறிவாக இருக்கும். அது ஒரு குழாய் வழியாகப் பின்பக்க மதிலை ஒட்டிய பள்ளத்தில் போய் விழுந்துகொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒருவருடைய வயல்கிணறு. நாங்கள் நல்ல தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தை அவர் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தோம். இதைக் குழுவில் சொன்னபோது யாரும் மறுத்துப் பேசவில்லை. ஒரு மாதத்துக்குள் அந்தக் குழாயைக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பினார்கள். இந்த நிகழ்வில் நாங்கள் எடுத்த முதல் முடிவு அது. எந்த அறிக்கையிலும் அது இடம்பெறவில்லை.

முதல் முடிவு: மூன்று இலக்குக்கும் ஒரே பொருள்

2018 டிசம்பரில் வரைவைத் திருத்தினோம். ஆய்வு, கல்வி, சமூகம் மூன்றும் ஒரே விஷயத்தைச் சுற்றி இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அந்த விஷயம், இரண்டு சக்கர வாகனத்தில் போய்வரும் தூரத்தில் உள்ள ஊர்களின் குடிநீர். தத்தெடுத்த ஐந்து கிராமங்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

காரணம் எளிது. மாணவர் நான்கு வருடம்தான் இருப்பார், ஆசிரியர் அதையும்விடக் குறைவு. பத்து வருட இலக்கை எந்த ஒரு ஆளும் தாங்க முடியாது. ஆனால் கிணறு அங்கேயே இருக்கும். இந்த வருடம் அளந்தவர் போனாலும் அடுத்த வருடம் வருபவர் அதே கிணற்றை அளக்கலாம்.

குழுவில் இதற்கு நியாயமான எதிர்ப்பும் இருந்தது. கணினித் துறைத் தலைவர், “எங்க பசங்களுக்குத் தண்ணியில என்ன வேலை?” என்று கேட்டார். தரவரிசையில் கட்டுரை எண்ணிக்கைக்குத்தான் மதிப்பு, கிணற்றுக்கு இல்லை என்றார் இன்னொருவர். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் ஆய்வுக்கு மதிப்பெண் எப்படி வருகிறது என்று பார்த்தால் அவர் சொன்னது சரிதான். கடைசியில் முதல்வர் கட்டுரை எண்ணிக்கையையும் விட்டுக்கொடுக்காமல், தண்ணீரையும் சேர்த்து எழுதச் சொன்னார். இந்த இரட்டை நோக்கம் பின்னால் எங்களைக் கடித்தது.

ஆய்வகத்தில் நடந்தது

பாடத்திட்டத்தைத் தொட முடியாது என்று சொன்னேன் அல்லவா? தொடத் தேவையே இல்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

முதலாண்டு வேதியியல் ஆய்வகத்தில் நீரின் கடினத்தன்மை, காரத்தன்மை, குளோரைடு எல்லாம் ஏற்கெனவே பயிற்சிகளாக இருக்கின்றன. வழக்கமாக ஆய்வக உதவியாளர் காய்ச்சி வடித்த நீரில் உப்பைக் கரைத்து மாதிரி தயாரித்துக் கொடுப்பார். விடை அவருக்கும் எனக்கும் முன்பே தெரியும். மாணவர்களும் முந்தைய பேட்ச் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அதே விடைக்கு வந்து நிற்பார்கள். பியூரெட்டில், அதாவது கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாயில், 11.4 மில்லி வந்தால் பக்கத்து மேசையில் 12.1 என்று பார்த்து 12 என எழுதுவார்கள்.

2019 ஆகஸ்டில் வந்த முதலாண்டு மாணவர்களுக்கு இதை மாற்றினோம். அவரவர் வீட்டுத் தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுவரச் சொன்னோம். ஃபுளூரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் கண்ணாடி வேண்டாம் என்றோம். எடுத்த தேதி, இடம், ஆழம் மூன்றையும் பாட்டில்மேல் எழுத வேண்டும். பயிற்சி அதேதான், செய்முறை அதேதான், தேர்வும் அதேதான். மாதிரி மட்டும் வேறு.

முதல் வகுப்பிலேயே குழப்பம். கடினத்தன்மை பார்க்கும்போது கரைசல் ஒயின் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாற வேண்டும். அதற்குப் பியூரெட்டிலிருந்து விடும் கரைசல் எவ்வளவு குறைவோ, கடினத்தன்மையும் அவ்வளவு குறைவு. ஒரு மாணவனுக்கு நான்கு மில்லி விடுவதற்குள் மாறிவிட்டது. “மேடம், தப்பாயிடுச்சு போல, இன்னொரு மாதிரி கொடுங்க” என்று வந்தான். மறுபடி செய்யச் சொன்னேன். அதே நான்கு. ஆனால் அதே தண்ணீரில் காரத்தன்மை பார்த்தபோது அமிலம் போய்க்கொண்டே இருந்தது. கடினத்தன்மை குறைவு, காரத்தன்மை மிக அதிகம். கால்சியம் குறைந்து சோடியம் பைகார்பனேட் மிகுந்த தண்ணீரின் அடையாளம் அது. ஃபுளூரைடு தங்குவதும் அப்படிப்பட்ட தண்ணீரில்தான். கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளூரைடைப் பிடித்து வீழ்படிவாக்கிவிடும். இல்லாத இடத்தில் ஃபுளூரைடு கரைந்தே நிற்கும்.

ஃபுளூரைடை அளக்காமலே, பாடத்திட்டத்தில் உள்ள இரண்டு பயிற்சிகளை வைத்தே, எந்தத் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும் என்று முதலாண்டு மாணவர்களால் சொல்ல முடிந்தது. அந்த வருடத்தில் எனக்கு மிகப் பிடித்த நாள் அது. விடை யாருக்கும் தெரியாத மாதிரி முன்னால் இருக்கும்போது பக்கத்து மேசையைப் பார்த்து எழுதுவதில் அர்த்தமில்லை என்று பிள்ளைகளுக்கே தெரிந்துவிட்டது.

ஆய்வக உதவியாளர் அண்ணன் எல்லா அளவுகளையும் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதத் தொடங்கினார். யாரும் கேட்டு எழுதியதல்ல. “பசங்க ரெக்கார்டு வருஷக் கடைசியில எடைக்குப் போயிடும் மேடம், இது இருக்கட்டும்” என்றார்.

வடிகட்டி

இது எங்கள் தவறு நடந்த பகுதி. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2019-20 கல்வியாண்டில் இயந்திரவியல், கட்டடவியல் இறுதியாண்டு மாணவர்கள் எட்டுப் பேர், ஓர் இளம் உதவிப் பேராசிரியரின் வழிகாட்டலில், வீட்டு வடிகட்டி செய்தார்கள். மேலே ஒரு வாளி, கீழே ஒரு வாளி. மேல் வாளியில் ஆக்டிவேட்டட் அலுமினா, அதாவது நுண்துளைகள் நிறைந்த அலுமினியம் ஆக்சைடு, குருணையாக. தண்ணீர் மெதுவாக அதன் வழியே இறங்கும்போது ஃபுளூரைடு குருணையில் ஒட்டிக்கொள்ளும். முறை புதிதல்ல, பல இடங்களில் சோதித்தது. மாணவர்கள் செய்த புதுமை, தண்ணீரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன அமைப்பும், குருணையை அமிலத்தில் தயார்செய்த முறையும். வெளியிலிருந்து ப்ராஜெக்ட் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கும் காலத்தில் இவர்கள் ராத்திரி ஒன்பது மணிவரை ஆய்வகத்தில் நின்று தாங்களே செய்தார்கள். அந்த உழைப்பை இன்றும் மதிக்கிறேன்.

அப்போது எங்களிடம் இருந்தது ஸ்பாட்ன்ஸ் என்ற நிறமிமுறை மட்டும். சிவப்பு நிறமி, தண்ணீரில் ஃபுளூரைடு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வெளுக்கும். வடிகட்டிய தண்ணீரை அளந்தார்கள். ஏறக்குறைய வெளுக்கவே இல்லை. ஃபுளூரைடு அரை மில்லிகிராமுக்கும் கீழே என்று வந்தது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பியாயிற்று. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று பேச்சு வந்தது. அங்கீகாரக் குழு வரும் முன் சமூக இலக்குக்குச் சான்று வேண்டும் என்று நிர்வாகமும் அவசரப்படுத்தியது. 2020 பிப்ரவரியில் முதல் ஊரில் 12 வீடுகளுக்கு வடிகட்டி கொடுத்தோம். புகைப்படம் எடுத்தோம்.

அடுத்த மாதம் ஊரடங்கு. கல்லூரி மூடியது. மாணவர்கள் வீட்டுக்குப் போனார்கள், படிப்பை முடித்தார்கள், வேலைக்குப் போனார்கள். வழிகாட்டிய உதவிப் பேராசிரியர் அந்த ஆண்டே வேறு கல்லூரிக்கு மாறிவிட்டார். அலுமினா குருணை குறிப்பிட்ட அளவு ஃபுளூரைடைப் பிடித்த பிறகு நிரம்பிவிடும். அதன்பின் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து, கழுவி, அமிலத்தில் நடுநிலையாக்கினால்தான் மறுபடி வேலை செய்யும். காரத்தன்மை அதிகமான எங்கள் ஊர்த் தண்ணீரில் அது சீக்கிரமே நிரம்பும். அதை யார், எப்போது, எங்கே செய்வது என்று நாங்கள் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

2020 டிசம்பரில் இறுதியாண்டு மாணவர்களுக்குக் கல்லூரி திறந்தது. அதற்குள் ஃபுளூரைடு மின்முனை ஒன்று, அதாவது தண்ணீரில் முக்கி ஃபுளூரைடை நேராக அளக்கும் கருவி, வாங்கியிருந்தோம். இந்த முறையில் மாதிரியோடு டைசாப் என்ற கரைசலைச் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். அலுமினியம், இரும்பு போன்றவை கட்டிவைத்திருக்கும் ஃபுளூரைடை அது விடுவிக்கும். ஊரிலிருந்து நான்கு வடிகட்டிகளின் தண்ணீரைக் கொண்டுவந்து அளந்தோம். நான்குமே 1.5-க்கு மேல். குருணை நிரம்பிவிட்டது என்பது எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது வேறு. ஆய்வகத்தில் மிச்சமிருந்த குருணையை வைத்துப் புதிதாக ஒரு வாளி தயாரித்து, அதன் தண்ணீரை இரண்டு முறையிலும் அளந்தோம். நிறமிமுறையில் அரை மில்லிகிராம். மின்முனையில் அதைப்போல மூன்று மடங்கு. அமிலத்தில் தயார்செய்த குருணையிலிருந்து அலுமினியம் கொஞ்சம் தண்ணீரில் இறங்கியிருக்கிறது. அது ஃபுளூரைடைப் பிடித்துக்கொண்டதால் நிறமி வெளுக்கவில்லை. ஃபுளூரைடு போகவில்லை, எங்கள் கண்ணுக்கு மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். நிறமிமுறையில் அலுமினியம் இருந்தால் ஃபுளூரைடு குறைவாகத் தெரியும் என்பது செய்முறைப் புத்தகத்திலேயே இருக்கும் எச்சரிக்கை. வேதியியல் நடத்தும் நான் அதைக் கேட்டிருக்க வேண்டும். நல்ல முடிவு வந்துவிட்ட மகிழ்ச்சியில் கேட்கவில்லை.

ஊரில் சொன்னது

கல்லூரியில் இரண்டு கருத்து இருந்தது. அமைதியாகக் குருணையை மாற்றிவிட்டு வரலாம் என்றனர் சிலர். ஊரில் நேராகச் சொல்லிவிட வேண்டும் என்றோம் நாங்கள் மூன்று பேர். முதல்வர் எங்கள் பக்கம் நின்றார். 2021 ஜனவரி கடைசியில் அவரும் வந்தார்.

ஒரு வீட்டில் வடிகட்டியைத் திண்ணையில் துணி போட்டு மூடி, மேலே செம்பு வைத்து, சுத்தமாக வைத்திருந்தார்கள். அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சிறிது நேரம் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். “காலேஜ்ல கொடுத்ததுன்னு சின்னவனுக்கு இதுல மட்டும்தான் மேடம் தண்ணி கொடுத்தேன். முன்னெல்லாம் ஒகேனக்கல் தண்ணி வர்ற அன்னைக்குக் குடத்துல பிடிச்சு அவனுக்குன்னு தனியா வைப்பேன். இது வந்தப்புறம் அதை விட்டுட்டேன்” என்றார். பையனுக்கு அப்போது நான்கு வயது. பல் உருவாகும் வயது.

எங்கள் வடிகட்டி அந்த வீட்டுக்கு உதவவில்லை என்பதோடு நிற்கவில்லை. ஏற்கெனவே அவர் செய்துகொண்டிருந்த நல்ல ஏற்பாட்டையும் நிறுத்திவிட்டது. இதை அறிக்கையில் எழுதியிருக்கிறோம். 12 வடிகட்டிகளையும் திரும்ப எடுத்துக்கொண்டோம். மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றோம். காப்புரிமைப் பேச்சு அதோடு முடிந்தது.

அன்றைக்கு மாலை கோவில் திண்ணையில் ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்தபோது ஒருவர் கேட்டுக்கொண்டார்: “என்ன வேணாலும் எழுதுங்க, ஊர் பேரை மட்டும் போடாதீங்க. ஏற்கெனவே இந்த ஊர்ப் பொண்ணுன்னா பல்லைப் பார்த்துட்டுத்தான் பேசுறாங்க.” அதுதான் நான் முதலில் சொன்ன காரணம். அதற்கு முன் நாங்கள் எடுத்த புகைப்படங்களையெல்லாம் கல்லூரிச் சுவரிலிருந்து எடுத்துவிட்டோம்.

இரண்டாம் முடிவு: செய்வதற்கு முன் அளப்பது

புதிதாக எதையும் செய்து கொடுப்பதில்லை, முதலில் எல்லாக் கிணற்றையும் அளப்போம் என்று முடிவு செய்தோம். 2021 முழுக்க, கட்டுப்பாடுகள் தளர்ந்த நேரங்களில், உள்ளூர் மாணவர்களே மாதிரி எடுத்தார்கள். ஊரடங்கில் வீட்டில் இருந்த மாணவர்களுக்கு அவரவர் ஊரே களமாயிற்று. கணினித் துறைப் பிள்ளைகள் கைபேசியிலேயே இடத்தையும் அளவையும் பதிவுசெய்யும் எளிய வரைபடம் செய்தார்கள். “தண்ணியில என்ன வேலை” என்று கேட்ட துறைத் தலைவர்தான் அதைக் கடைசிவரை கவனித்துக்கொண்டார்.

அளந்தபோது ஒரே ஊரில் ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் அளவில் பெரிய வித்தியாசம் இருந்தது. ஊராட்சியின் இரண்டு ஆழ்துளைக் கிணறுகளும் மோசம். ஆனால் ஏரிக்கரை அடியில், மாரியம்மன் கோவிலுக்குப் பின்னால், பயன்படுத்தாமல் கிடந்த பழைய திறந்த கிணற்றில் ஃபுளூரைடு 1-க்கும் கீழே. ஆழம் குறைவு, ஏரித் தண்ணீர் ஊறி வருவது, கால்சியமும் இருந்தது. ஊரில் ஒரு பாட்டி கேட்டுவிட்டுச் சொன்னார்: “அந்தக் கிணத்துத் தண்ணியைக் குடிச்சுத்தான் டீச்சரம்மா நாங்க வளர்ந்தோம். என் பல்லைப் பாரு.” வெற்றிலைக் கறை தவிர அவர் பல்லில் ஒன்றுமில்லை. போர் போட்டுத் தொட்டி கட்டியபின் கிணற்றுப் பக்கம் யாரும் போகவில்லை.

இதை உடனே ஊருக்குச் சொல்லிவிடலாம் என்று மாணவர்கள் துடித்தார்கள். இந்த முறை நிறுத்தினேன். திறந்த கிணற்றில் கிருமி இருக்கலாம். பல்லைக் காப்பாற்றப் போய்ப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வரக் கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினோம். சந்தேகப்பட்டபடியே கிருமி இருந்தது. தூர்வாரி, மேலே வலை போட்டு, சுற்றிலும் மேடை கட்டி, குளோரின் போட்டால்தான் குடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தோம்.

2021 அக்டோபர் 2 கிராமசபைக் கூட்டத்தில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி கிணறு வாரியாக அளவுகளைப் படித்தாள். ஃபுளூரைடு என்றால் என்ன என்று இரண்டு நிமிடம், அதன்பின் எந்தக் கிணறு குடிக்க, எது குளிக்க, துவைக்க என்று மட்டும். ஊராட்சித் தலைவர் தீர்மானம் போட்டார்.

விளைவு

2022 கோடைக்குள் கிணற்றைத் தூர்வாரி, சின்ன மோட்டார் வைத்து, குடிநீருக்கென்று தனித் தொட்டி கட்டினார்கள். பணம் ஊராட்சியுடையது. கல்லூரி கொடுத்தது அளவும் யோசனையும்தான். ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டு வீட்டுக்குக் குழாய் வந்திருந்தாலும் அதில் வருவது பழைய தொட்டித் தண்ணீர் என்பதால், குடிக்க மட்டும் இந்தத் தொட்டியில் பிடிக்கிறார்கள். எல்லாரும் இல்லை. தெருக்கோடியில் இருப்பவர்களுக்கு நடை அதிகம். அவர்களில் பாதிப் பேர் வீட்டுக் குழாயோடு இருந்துவிடுகிறார்கள். இரண்டாவது ஊரில் அப்படி ஒரு கிணறே கிடைக்கவில்லை. அங்கே ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் குடிக்கத் தனியாகப் பிடித்து வைக்கச் சொல்வதைத் தவிர எங்களிடம் வேறு பதில் இல்லை.

அங்கீகாரம் மூன்று வருடத்துக்குக் கிடைத்தது. கட்டுரை எண்ணிக்கையில் முதல் வரைவு சொன்ன இலக்கை நெருங்கவே இல்லை. பழைய கிணற்றுக்குத் திரும்புவது ஆய்வுக் கட்டுரை ஆகாது என்பது உண்மை. ஆனால் பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் அளவு ஏன் இவ்வளவு மாறுகிறது என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. எங்கள் நோட்டை வைத்துக்கொண்டு ஓர் ஆராய்ச்சி மாணவர் இப்போது அதில் இறங்கியிருக்கிறார். கேள்வி ஊரிலிருந்து வந்தது. அவர் அதற்கு எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டாலும் சரி.

2023-இல் இலக்குகளை மறுபடி எழுதினோம். மூன்று தலைப்புக்கும் சேர்த்து இப்போது இருப்பது இதுதான்: 2028 வரை இரண்டு ஊர்களின் குடிநீரையும் மழைக்கு முன்னும் பின்னுமாக வருடம் இரண்டு முறை அளப்போம், அளந்ததை முதலில் ஊருக்குச் சொல்வோம், அளக்கக் கற்பதைப் பாடமாக வைப்போம், யார் போனாலும் வேலை நிற்காதபடி எழுதி வைப்போம்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

ஒரு முறையில் வந்த நல்ல முடிவை இன்னொரு முறையில் சரிபார்க்காமல் வாசலைத் தாண்டவிடக் கூடாது. இதை இப்போது விதியாக வைத்திருக்கிறோம். 2020-இல் பக்கத்து நகரக் கல்லூரி ஒன்றின் மின்முனையை ஒரு மத்தியானம் கேட்டு வாங்கியிருந்தால் போதும், அந்த 12 வீடுகளுக்கு வடிகட்டி போயிருக்காது.

வீட்டுக்குள் ஒரு பொருளைக் கொடுத்தால் அதைப் பார்த்துக்கொள்ளப் பத்து வருடத்துக்கு ஆள் யார் என்று பெயரோடு எழுத வேண்டும். பெயர் எழுத ஆள் இல்லையென்றால் கொடுக்க வேண்டாம்.

அங்கீகாரக் குழு வரும் தேதியை வைத்து ஊருக்குப் போகும் தேதியை முடிவு செய்தது பெரிய பிழை. இப்போது இரண்டையும் தனியாக வைத்திருக்கிறோம். குழு வரும் பருவத்தில் ஊரில் புதிதாக எதையும் தொடங்குவதில்லை.

பல் மருத்துவரைத் தொடக்கத்திலேயே சேர்த்திருக்க வேண்டும். தண்ணீரின் அளவு எங்களுக்குத் தெரியும். எத்தனை பிள்ளைகளுக்குப் பாதிப்பு, எந்த அளவில் என்று எங்களால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதற்குப் பெற்றோரின் சம்மதமும் மருத்துவரின் கண்ணும் வேண்டும். இப்போது ஒரு பல் மருத்துவக் கல்லூரியோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.

பாட்டியிடம் முதல் மாதமே பேசியிருக்க வேண்டும். கருவி வாங்க இரண்டு வருடம் ஆயிற்று. பழைய கிணறு எங்கே, ஏன் விட்டார்கள் என்று கேட்க ஒரு மாலைப்பொழுது போதும்.

ஆய்வக உதவியாளர் அண்ணன் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். நீல அட்டை நோட்டு இப்போது மூன்றாவது. அவரோடு புதிதாகச் சேர்ந்த உதவியாளர் தம்பி ஒவ்வொரு புதன் பிற்பகலும் உட்கார்ந்து, மின்முனையைத் தரக்கரைசலில் சரிபார்ப்பது முதல் பாட்டிலில் தேதி எழுதுவது வரை கற்றுக்கொள்கிறார். அந்தப் புதன் பிற்பகலை முதல்வர் கால அட்டவணையிலேயே போட்டுக் கொடுத்திருக்கிறார். மழைக்குப் பிந்தைய அடுத்த அளவீடு தை மாதக் கடைசியில். மாதிரி எடுப்பது இந்த முறை அந்தத் தம்பிதான்.